அடுத்த சில்லின் நினைவகத்தில் கைவைப்பது எப்படி?

கணினியில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. திடீரென்று எல்லாம் உறைந்துபோகிறது. சுட்டி நகரவில்லை, விசைப்பலகையில் எதைத் தட்டினாலும் பலனில்லை. ஒலிபெருக்கி மட்டும் அடங்குவதில்லை. பாட்டின் கடைசித் துணுக்கு ‘டர்ர்ர்’ என்று திரும்பத் திரும்ப ஒலித்து, கணினியை அணைக்கும்வரை காதைத் துளைக்கிறது. பழைய விண்டோஸ் கணினியோடு காலம் தள்ளிய பலருக்கு இந்தச் சத்தம் பழக்கம்.

1990-இல் ஜப்பானில் வெளிவந்த சூப்பர் ஃபேமிகாம் என்ற நிண்டெண்டோ விளையாட்டுக் கருவியில் (பிற நாடுகளில் சூப்பர் நிண்டெண்டோ) இதே விபத்து வேறு மாதிரி நடக்கும். ஆட்டம் நடுவில் சிக்கி, படம் அப்படியே நின்றுவிடும். பின்னணி இசையோ எதுவும் நடக்காததுபோல மேற்கொண்டு ஓடும்; முடிவுக்கு வந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

இரண்டிலும் செயலிழந்தது முதன்மைச் செயலிதான். அப்படியிருக்க ஒன்றில் பாட்டு ஏன் திக்குகிறது, இன்னொன்றில் ஏன் பிசகில்லாமல் ஓடுகிறது? இசைக்கான எண்கள் யாருடைய நினைவகத்தில் கிடந்தன, அவற்றை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது யார் என்பதில் இருக்கிறது விடை.

பெருக்கு, கூட்டு, தாமதிக்காதே

இலக்கமுறைக் கருவிகளில் ஒலி என்பது எண்களின் வரிசை. இசைக் குறுந்தட்டில் ஒரு நொடிக்கு, ஒரு தடத்துக்கு, 44,100 எண்கள். இதில் கலந்திருக்கும் இரைச்சலை வடிகட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எளிய வழி: இப்போது வந்த எண்ணையும் அதற்கு முன் வந்த 99 எண்களையும் எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு குறிப்பிட்ட எடையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டுவது. அடுத்த எண் வந்ததும் மீண்டும் அதே வேலை. நொடிக்கு 44 லட்சத்துக்கும் மேற்பட்ட பெருக்கல்கள், அதுவும் ஒரு தடத்துக்கு மட்டும்.

இந்தக் கணக்கில் புத்திசாலித்தனம் எதுவும் தேவையில்லை. தாமதம்தான் ஆகாது. சில மில்லிநொடிகள் பிந்தினாலே ‘டிக்’ என்று காதில் விழும். விசைப்பலகை, திரை, வட்டு, வலையமைப்பு என்று பத்து பேருக்குப் பதில் சொல்லும் முதன்மைச் செயலியிடம் இந்த நேரந்தவறாமையை எதிர்பார்ப்பது கடினம். ஆகவேதான் ஒலி, படம், வானொலி அலை போன்ற குறிகைகளை எண்களாக வாங்கி, ஓயாமல் பெருக்கிக் கூட்டுவதற்கென்றே ஒரு தனிச் செயலி வந்தது. அதைக் குறிகைச் செயலி என்போம். பொறியாளர்கள் வாயில் அது டி.எஸ்.பி.

நேரந்தவறாமல் இருக்க அதற்குத் தேவைப்பட்ட முதல் சலுகை சொந்த நினைவகம். பொது நினைவகத்தைப் பயன்படுத்தினால் மற்றவர்களோடு வரிசையில் நிற்க நேரும். ஆகவே சில்லின் உள்ளேயோ ஒட்டியோ ஒரு துண்டு நினைவகம் அதற்கென்றே ஒதுக்கப்பட்டது.

சிக்கல் இங்கே ஆரம்பிக்கிறது. மின்சாரம் வந்த கணத்தில் அந்த நினைவகத்தில் உருப்படியாக ஒன்றும் இருக்காது. செய்ய வேண்டிய வேலைக்கான நிரல், வாசிக்க வேண்டிய இசை, வடிகட்டியின் எடைகள் எல்லாமே பெரும்பாலும் முதன்மைச் செயலியின் பக்கத்தில்தான் இருக்கும். பிறர் தொடக் கூடாது என்று ஒதுக்கிய நினைவகத்தை முதலில் நிரப்ப வேண்டியவர் அந்தப் பிறர்தான்.

நான்கு பைட் ஜன்னல்

சூப்பர் ஃபேமிகாமின் ஒலிப்பகுதியை உருவாக்கியது சோனி நிறுவனம். அதை வடிவமைத்த கென் குட்டராகி பிற்பாடு பிளேஸ்டேஷனின் தந்தை என்று பெயர் வாங்கியவர். எட்டுக் குரல்களைக் கலந்து ஒலியாக்கும் ஒரு குறிகைச் செயலி, அதை மேய்க்க எஸ்.பி.சி.700 என்ற ஒரு குட்டிச் செயலி, இருவருக்கும் பொதுவாக 64 கிலோபைட் நினைவகம்: அவ்வளவுதான் அதன் குடும்பம்.

ஆட்டத்தை நடத்தும் முதன்மைச் செயலிக்கு இந்த 64 கிலோபைட்டில் ஒரு பைட்டைக்கூட நேரடியாகத் தொட முடியாது. இடையில் இருப்பவை நான்கே நான்கு வாயில்கள், வாயிலுக்கு ஒரு பைட். இரவில் ஷட்டரை இறக்கிவிட்டு, சின்ன ஜன்னல் வழியாக மட்டும் வியாபாரம் செய்யும் மருந்துக்கடையைப் போன்ற ஏற்பாடு இது. வாங்க வந்தவர் அலமாரியில் கைவைக்க முடியாது. சீட்டை நீட்ட வேண்டும், மற்றதை உள்ளே இருப்பவர் பார்த்துக்கொள்வார். ஒவ்வொரு வாயிலிலும் உண்மையில் இரண்டு அறைகள் உண்டு: ஒன்றில் முதன்மைச் செயலி எழுதும், குட்டிச் செயலி படிக்கும், மற்றதில் நேர்மாறு. எழுதியவர் தான் எழுதியதைத் திரும்பப் படிக்க முடியாது. அவருக்குத் தெரிவதெல்லாம் எதிராளி எழுதியது மட்டுமே.

அப்படியானால் உள்ளே சீட்டை வாங்க ஆள் வேண்டும். நினைவகம் காலியாக இருக்கும்போது யார் இருப்பார்கள்? அதற்காகக் குட்டிச் செயலிக்குள் 64 பைட் நீளமுள்ள நிரந்தர நிரல் ஒன்றைப் பதித்துவைத்தார்கள். இந்தப் பத்தியில் உள்ள எழுத்துகளைவிடச் சிறியது அது. ஆனால் ஒரு முழு உரையாடலை நடத்தத் தெரிந்தது.

மூன்று பைட்டுகளின் பயணம்

முதன்மைச் செயலி 205, 17, 17 என்ற மூன்று பைட்டுகளை, ஒலி நினைவகத்தின் 512-ஆம் முகவரியிலிருந்து வரிசையாக வைக்க விரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். வாயில்களுக்கு 0, 1, 2, 3 என்று எண்.

முதலில் பேசுவது உள்ளே இருக்கும் நிரல். மின்சாரம் வந்ததும் 0-ஆம் வாயிலில் 170, 1-ஆம் வாயிலில் 187 என்று எழுதிவைக்கும். ‘நான் தயார்’ என்று அதற்குப் பொருள். தற்செயலாக அங்கே தோன்ற வாய்ப்பு மிகக் குறைவான இரண்டு எண்கள் என்பதைத் தவிர அவற்றில் மர்மம் எதுவுமில்லை.

இதைக் கண்ட முதன்மைச் செயலி சேருமிடத்தைச் சொல்கிறது. 512 ஒரு பைட்டில் அடங்காது. இரண்டாகப் பிரித்து, 2-ஆம் வாயிலில் 0, 3-ஆம் வாயிலில் 2 என்று எழுதுகிறது (2-ஐ 256-ஆல் பெருக்கினால் 512). 1-ஆம் வாயிலில் சுழியல்லாத ஏதாவது ஓர் எண்: ‘தரவு வரப்போகிறது’. கடைசியாக 0-ஆம் வாயிலில் 204. உள்ளே இருக்கும் நிரல் 204-ஐப் பார்த்து முகவரியைக் குறித்துக்கொண்டு, தன் பக்கத்திலிருந்து அதே 204-ஐ எழுதிக்காட்டுகிறது. சரி, புரிந்தது.

இனி பைட்டுகள். 1-ஆம் வாயிலில் 205. பிறகு 0-ஆம் வாயிலில் வரிசை எண் 0. உள்ளே அது 512-இல் வைக்கப்பட்டு, பதிலாக 0 வருகிறது. அடுத்து 1-ஆம் வாயிலில் 17, 0-ஆம் வாயிலில் 1. பதில் 1 வந்ததும் மறுபடி 17, வரிசை எண் 2. பதில் 2.

இங்கே சற்று நிற்கலாம். இந்த வரிசை எண் எதற்கு? தரவை மட்டும் அனுப்பினால் போதாதா? போதாது என்பதற்கு அந்த இரண்டு 17-களே சாட்சி. வாயிலில் 17 இருக்கிறது, உள்ளே எடுத்துவைத்தாயிற்று, மறுபடி பார்த்தால் மறுபடியும் 17. இது பழைய 17-ஆ, புதியதா? தரவை வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. வரிசை எண் மாறினால்தான் ‘இது புதுசு’ என்று தெரியும்.

எழுதும் முறையிலும் ஒரு கண்டிப்பு உண்டு. தரவு முதலில், வரிசை எண் பின்னால். மாற்றிச் செய்தால் வரிசை எண்ணைப் பார்த்த உள் நிரல் அவசரப்பட்டு, தரவு வந்து சேருமுன்பே பழைய பைட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். ஒருவர் எழுதும் அதே கணத்தில் மற்றவர் படித்தால் அரைகுறை மதிப்பு கிடைக்கும் ஆபத்தும் இருந்தது. எனவே அனுபவம் உள்ள நிரலாளர்கள் ஒரு வாயிலை இருமுறை படித்து, இரண்டும் ஒத்துப்போன பிறகே நம்பினார்கள்.

முடிப்பதற்கான வழி அழகானது. 1-ஆம் வாயிலில் 0 (‘இனி தரவு இல்லை, நிரலை ஓட்டு’), 2, 3-ஆம் வாயில்களில் தொடங்க வேண்டிய முகவரி. அடுத்த வரிசை எண் 3 ஆக இருக்க வேண்டும். வேண்டுமென்றே 3-ஐத் தாண்டி 4 என்று எழுதுகிறது முதன்மைச் செயலி. வரிசை தவறியதைக் கண்ட உள் நிரல், தொகுப்பு முடிந்தது என்று புரிந்துகொண்டு, சொன்ன முகவரிக்குத் தாவுகிறது. முடிவைச் சொல்லத் தனியாக ஒரு கம்பியோ கட்டளையோ வைக்காமல், ஓர் எண்ணைத் தாண்டியே சொல்லிவிட்டார்கள். 64 பைட்டுக்குள் எல்லாவற்றையும் அடக்க வேண்டிய நெருக்கடி தந்த சிக்கனம் இது.

உண்மையான ஆட்டங்களில் மூன்று பைட்டுக்குப் பதில் பல ஆயிரம் பைட்டுகள் இப்படித்தான் போயின, ஒவ்வொன்றுக்கும் பதில் வரும்வரை காத்திருந்து. அதன் பிறகு நிரந்தர நிரல் ஒதுங்கிக்கொள்ளும். ஆட்டத்தைத் தயாரித்தவர்களின் சொந்த இசை நிரல் அதிகாரத்துக்கு வரும். அதே நான்கு வாயில்களில் இனி போவது ‘ஐந்தாம் பாட்டைப் போடு’, ‘வெடிச்சத்தம் எழுப்பு’ போன்ற குறுங்கட்டளைகள் மட்டுமே.

64 கிலோபைட் என்பது எவ்வளவு? அந்தச் சில்லு நொடிக்கு 32,000 எண்களை ஒலியாக்கியது. எண்ணுக்கு இரண்டு பைட் என்றால், முழு நினைவகமும் ஒரே ஒரு நொடி ஒலிக்குச் சரியாகப் போகும். 16 எண்களை 9 பைட்டுகளில் அடக்கும் சுருக்கமுறை இருந்தும் மூன்றரை நொடிக்குச் சற்று அதிகம்தான். அதிலேயே நிரலும் இசைக்குறிப்பும் அடங்க வேண்டும். வயலினின் ஒரு இழுப்பு, முரசின் ஒரு அடி என்று துணுக்குகளை மட்டும் சேமித்து, குறிப்பைப் பார்த்து அவற்றை வேகம் மாற்றி வாசித்தார்கள்.

இப்போது முதல் புதிரின் ஒரு பாதி அவிழ்கிறது. துணுக்குகள், குறிப்பு, வாசிக்கும் நிரல் எல்லாமே ஒலிப்பகுதிக்குள் இருக்கின்றன. வெளியே முதன்மைச் செயலி நின்றுபோனாலும் உள்ளே யாருக்கும் தெரியாது. ‘நிறுத்து’ என்று சொல்லவும் ஆள் இல்லை.

கணினியின் கதை வேறு. அங்கே பாட்டு முதன்மை நினைவகத்தில் கிடக்கிறது. அதில் வட்டப்பாதையாகப் பயன்படும் ஒரு சிறு பகுதியை ஒலிச் சில்லு, செயலியைக் கேட்காமல், தானே படித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வரும். அது ஒரு சுற்று முடிப்பதற்குள் புதிய எண்களை நிரப்பிவைப்பது செயலியின் பொறுப்பு. செயலி நின்றுவிட்டால் நிரப்ப ஆளில்லை. கடைசியாக நிரப்பப்பட்டதையே ஒலிச் சில்லு திரும்பத் திரும்ப வாசிக்கிறது. காதைத் துளைக்கும் அந்த ‘டர்ர்ர்’ வட்டத்தின் நீளம்தான்.

நேராக உள்ளே கைவைத்தால்?

பைட்டுக்கு ஒரு பதில் என்பது செல்பேசிக்குக் கட்டுப்படியாகாது. பேச்சைச் சுருக்கும் குறிகைச் செயலியும், விசைகளையும் திரையையும் கவனிக்கும் முதன்மைச் செயலியும் இடைவிடாமல் கொடுக்கல் வாங்கலில் இருக்க வேண்டும். 1990-களில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் சி54எக்ஸ் குடும்பச் சில்லுகள் வேறு வழியைக் கையாண்டன. உள்ளே ஆள் எடுத்துவைக்கத் தேவையில்லை. முதன்மைச் செயலியே நேரடியாகக் கைவைக்கலாம். ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. அந்தக் குடும்பத்தின் சி542 சில்லில் உள்ளே 10 கிலோசொல் நினைவகம் இருந்தது. ஒரு சொல் 16 பிட். அதில் 4096 முதல் 6143 வரையிலான 2,048 சொற்கள் மட்டுமே வெளியாருக்குத் திறந்திருந்தன.

வெளியே இருப்பவருக்குத் தெரிந்தவை மூன்று பதிவகங்கள், அதாவது ஒரு எண்ணை வைத்துக்கொள்ளும் சிறு அறைகள். ஒன்றில் முகவரி, ஒன்றில் தரவு, ஒன்றில் கட்டுப்பாடு. முகவரியை எழுதி, தரவை எழுதினால் சரியான இடத்தில் போய் விழும். தரவுக்கம்பிகள் எட்டே என்பதால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு தவணையாகப் போகும். முதல் பாதியா, இரண்டாம் பாதியா என்று சொல்ல ஒரு தனிக் கம்பி. எந்தப் பாதி முதலில் என்பதில் இரு செயலிகளுக்கும் கருத்து வேறுபாடு வரலாம் என்று தெரிந்து, அதை மாற்றிக்கொள்ளவும் கட்டுப்பாட்டுப் பதிவகத்தில் ஒரு பிட் ஒதுக்கினார்கள்.

ஒவ்வொரு சொல்லுக்கும் முகவரி சொல்வது வீண். 2,048 சொற்களுக்கு முகவரியும் தரவுமாக 8,192 பைட் பரிமாற்றங்கள் ஆகும். முகவரி தானாகவே ஒன்று கூடும்படி செய்துவிட்டால் 4,098 போதும். இந்த வசதியில் ஒரு பொறி உண்டு. படிக்கும்போது, படித்த பிறகு முகவரி கூடும். எழுதும்போது, எழுதுவதற்கு முன்பே கூடிவிடும். ஆகவே 4096-இலிருந்து எழுத வேண்டியவர் 4095 என்று முகவரி கொடுக்க வேண்டும். கையேட்டை மேலோட்டமாகப் படித்துவிட்டு வேலையில் இறங்கினால் எல்லாத் தரவும் ஓர் இடம் தள்ளிப் போய் உட்கார்ந்திருக்கும்.

ஒரே நேரத்தில் இருவரும் ஒரே இடத்தைத் தொட்டால்? சி54எக்ஸில் முன்னுரிமை வெளியாருக்கு. குறிகைச் செயலி ஒரு சுழற்சி காத்திருக்கும். விருந்தாளிக்கு வழிவிடும் மரியாதை என்று எண்ண வேண்டாம், இது கணக்கு. நொடிக்கு 4 கோடிச் சுழற்சிகள் ஓடும் சில்லில் ஒரு சுழற்சி என்பது 25 நானோநொடி. வெளியாருக்கோ இருவரும் பகிரும் இந்த முறையில் ஒரு பைட்டுக்கே ஐந்து சுழற்சிகள் தேவை. ஆமைவேகத்தில் வருபவரை வாசலில் நிறுத்திவைப்பதைவிட, வேகமானவர் ஒரு மூச்சு நிற்பது மலிவு.

நேரடியாக எழுத முடிவதில் இன்னொரு லாபம். குறிகைச் செயலி உறங்கும்போதும், மீட்டமைப்பு நிலையில் நிறுத்தப்பட்டிருக்கும்போதும் இந்த வழி திறந்தே இருக்கும். பின்னால் வந்த சி6000 குடும்பத்தில் இது தொடக்க முறையாகவே ஆனது: குறிகைச் செயலியை எழுப்பாமல் வைத்திருந்து, அதன் நினைவகத்தில் நிரல் முழுவதையும் எழுதி முடித்து, கட்டுப்பாட்டுப் பதிவகத்தில் ஒரு பிட்டை 1 ஆக்கினால், அது கண்விழித்து 0-ஆம் முகவரியிலிருந்து வேலையைத் தொடங்கும். நிரலை வைத்திருக்கத் தனி நினைவகச் சில்லு வாங்கும் செலவு மிச்சம்.

அந்த ஒரு பிட்டைக் கவனிக்க வேண்டும். இயங்கிக்கொண்டிருக்கும் செயலிக்கு அதுவே அழைப்பு மணி. நேரடியாக எழுத முடிந்தாலும், எழுதியாயிற்று என்ற செய்தி தானாகப் போய்ச் சேராது. 2,048 சொற்களையும் கொட்டிவிட்டு மணியை அடிக்காவிட்டால் குறிகைச் செயலி பழைய தரவையே அரைத்துக்கொண்டிருக்கும். சூப்பர் ஃபேமிகாமில் வரிசை எண் பார்த்த வேலையை இங்கே மணி பார்க்கிறது. தரவைக் கடத்துவது எப்போதும் சுலபமான பாதி; ‘இப்போது உன் முறை’ என்று சொல்வதுதான் கடினமான பாதி.

ஒரே நினைவகம், இரண்டு உண்மைகள்

இன்றைய திறன்பேசியில் இருவரும் ஒரே சில்லுக்குள் குடியேறிவிட்டார்கள். குவால்காமின் ஸ்னாப்டிராகன் சில்லுகளில் உள்ள ஹெக்ஸகன் குறிகைச் செயலி, முதன்மைச் செயலி பயன்படுத்தும் அதே வெளி நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கிறது. ஜன்னலும் வேண்டாம், முகவரிப் பதிவகமும் வேண்டாம். பிரச்சினை தீர்ந்தது என்றுதான் தோன்றும்.

தீரவில்லை, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு நகர்ந்துவிட்டது. வெளி நினைவகம் மெதுவானது என்பதால் செயலி தனக்கருகே கேஷ் எனப்படும் கைப்பக்க நினைவகம் வைத்திருக்கிறது. எழுதியவற்றை அதில் சேர்த்துவைத்து, சாவகாசமாகப் பிறகு வெளியே அனுப்பும். முதன்மைச் செயலி ஒரு படத்தை எழுதி முடித்ததாக நினைக்கும். படம் இன்னும் அதன் கேஷிலேயே இருக்கும். குறிகைச் செயலி வெளி நினைவகத்தில் பார்த்தால் முந்தைய படம். கேஷ்களை வன்பொருளே ஒத்திசைக்கும் ஏற்பாடு சில சில்லுகளில் உண்டு. இல்லாதவற்றில், தருபவர் தன் கேஷை வெளியே தள்ள வேண்டும். பெறுபவர் தன் கேஷில் உள்ள பழைய பிரதியைச் செல்லாததாக்க வேண்டும். இரண்டில் ஒன்று விட்டுப்போனாலும் பிழைச்செய்தி எதுவும் வராது. விடை மட்டும் தப்பாக வரும், அதுவும் எப்போதாவது.

இதில் மிகவும் வஞ்சகமான பிழை ஒன்று உண்டு. கேஷ் பைட் பைட்டாகக் கையாளாது. 64 பைட் போன்ற ஒரு வரியை மொத்தமாகத்தான் ஏற்றி இறக்கும். குறிகைச் செயலி தன் விடையை ஒரு வரியின் முதல் 40 பைட்டுகளில் எழுதுகிறது. மிச்சம் 24 பைட்டில் முதன்மைச் செயலி தன் சொந்தக் கணக்குக்காக ஏதோ ஒரு மாறியை வைத்திருக்கிறது. அதை மாற்றியதும் அந்த வரி முழுவதும், பழைய 40 பைட்டுகள் உட்பட, அதன் கேஷில் இருக்கும். பிற்பாடு வரி வெளியே தள்ளப்படும்போது, அப்போதுதான் வந்த விடையின் மேல் பழைய பைட்டுகள் போய் விழும். அந்த முகவரியில் பழைய பைட்டுகளைத் தாங்கள் எழுதவில்லை என்று இரு தரப்பு நிரலாளர்களும் சத்தியம் செய்வார்கள். இருவர் சொல்வதும் உண்மை. பகிர்வுக்கான இடம் எப்போதும் கேஷ் வரியின் எல்லையில் தொடங்கி எல்லையில் முடிய வேண்டும் என்ற விதி இதற்காகத்தான்.

இந்த ஏற்பாடுகளை ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கண்டுபிடித்து அலுத்த பிறகு, 2012-இல் லினக்ஸ் கருவில் ‘ரிமோட்ப்ராக்’ என்ற பொதுச் சட்டகம் சேர்ந்தது. குறிகைச் செயலியின் நினைவகத்தில் நிரலை ஏற்றுவது, எழுப்புவது, அது செயலிழந்தால் மறுபடி தொடங்குவது எல்லாம் அதன் பொறுப்பு. முழுக் கருவியையும் அணைத்துப் போடாமல், விழுந்த சில்லை மட்டும் தூக்கி நிறுத்த முடிகிறது.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு பீகிள்போன் ஏஐ என்ற சிறு பலகை ஏற்றது; டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் இரண்டு சி66எக்ஸ் குறிகைச் செயலிகள் அதில் உண்டு. லினக்ஸில் ரிமோட்ப்ராக் என்ற அடைவைத் திறந்தால் ஒவ்வொரு துணைச் செயலிக்கும் ‘ஸ்டேட்’ என்று ஒரு கோப்பு இருக்கும். அதில் ‘ஸ்டாப்’ என்று எழுதினால் அந்தச் செயலி நிற்கும். ‘ஸ்டார்ட்’ என்று எழுதினால் அதன் நிரல் மறுபடி நினைவகத்தில் ஏற்றப்பட்டு ஓடத் தொடங்கும்.